தண்டுவடம் அடிபட்டவருக்கு நரம்பு திரும்ப வேலை செய்ய வீட்டில் நாம் என்ன செய்யலாம்

கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஐந்து வருடத்துக்கு முன் மே மாதக் கடைசியில், மழை பிடிப்பதற்குள் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழித்துவிடலாம் என்று ஏறிய அண்ணன் இருபதடி உயரத்திலிருந்து விழுந்தார். நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் கடைசியான டி12 நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அன்றிலிருந்து "நரம்பு திரும்ப வளர என்ன செய்யணும்" என்று நான் கேட்காத ஆளில்லை, டாக்டர், பிசியோ, வைத்தியர், இதே மாதிரி விழுந்து எழுந்தவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு, அதில் எது உதவியது, எது காசையும் நாளையும் தின்றது என்று தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் வீட்டு ஆளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

முதலில் ஒரு உண்மையை மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கையில் காலில் ஓடும் நரம்பு அறுந்தால் அது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் திரும்ப வளரும். தண்டுவடத்துக்குள் இருக்கும் நரம்பிழைகள் அப்படி வளர்வதில்லை. அதற்குச் சக்தியே இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1981-இல் கனடாவின் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில், காலில் இருக்கிற மாதிரியான நரம்புத் துண்டு ஒன்றைத் தண்டுவடத்தோடு இணைத்துவைத்தபோது, உள்ளே வளரவே மாட்டேன் என்ற இழைகள் அந்தத் துண்டுக்குள் நீளமாக வளர்ந்தன. அதாவது இழை முழுக்கச் செத்துப்போய்விடவில்லை, அதைச் சுற்றியிருக்கும் இடம்தான் வளரவிடவில்லை. நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் நோகோ என்ற புரதம் "நில்" என்று சொல்கிறது, காயம் ஆறிய இடத்தில் உண்டாகும் தழும்பும் வழியை மறிக்கிறது, போதாததற்கு வயதுவந்த நரம்பணுவின் வளரும் வேகமும் குறைந்துவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரேயடியாகத் தாண்டவைக்கும் மருந்தோ ஊசியோ எண்ணெயோ இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை.

சரி, அப்படியென்றால் பலர் எப்படி நடக்கிறார்கள்? அடிபட்ட இடத்தில் எல்லா இழையும் அறுந்துபோவது அபூர்வம். கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வீக்கம் வடிந்ததும் அதில் சில விழித்துக்கொள்ளும். மிஞ்சிய இழைகளிலிருந்து பக்கத்தில் சின்னச் சின்னக் கிளைகள் விட்டுப் புது இணைப்பு உண்டாகும். கவாத்து செய்த தேயிலைச் செடி பக்கவாட்டில் துளிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்கு இழைகள் மிஞ்சினாலே ஓரளவு நடை திரும்பியிருக்கிறது. ஆகவே வீட்டில் நம் வேலை இரண்டுதான்: மிஞ்சியதைச் சாகவிடாமல் காப்பது, அதற்குத் தினமும் வேலை கொடுப்பது. அந்த வேலைதான் புதுக் கிளை எங்கே போய் ஒட்ட வேண்டும் என்று காட்டுகிறது.

மிஞ்சுவது எவ்வளவு என்பது விழுந்த முதல் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிறது. தோட்டத்தில் யாராவது மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்து "முதுகு வலிக்குது, கால் மரத்துப்போச்சு" என்றால் தயவுசெய்து கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், சாக்கில் போட்டுத் தூக்காதீர்கள், ஜீப்பின் பின் சீட்டில் மடக்கிப் படுக்கவைக்காதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி அப்படியே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே கம்பளி போர்த்துங்கள், நம் ஊர்க் குளிரில் அதுவும் முக்கியம். ரோடுவரை சுமந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கதவுப் பலகையைக் கொண்டுவந்து, நாலைந்து பேர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி ஒரே நேரத்தில் உடம்பைப் புரட்டிப் பலகையில் ஏற்றி, பட்டையால் கட்டித் தூக்குங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் அந்த நிமிடத்திலேயே முடிவாக வேண்டும். தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்குத் தாமதமாக எடுத்தவர்களைவிட நன்றாகத் திரும்பியிருக்கிறது. அண்ணனை முதலில் கொண்டுபோன இடத்தில் எம்ஆர்ஐ இல்லை, முதுகெலும்பு சர்ஜன் இல்லை, ஆனாலும் "காலையில் பார்க்கலாம்" என்று ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள்: இங்கே எம்ஆர்ஐ இருக்கிறதா, முதுகெலும்பு ஆபரேஷன் இன்றைக்கே செய்வார்களா, இல்லையென்றால் இப்போதே கோயம்புத்தூருக்கு எழுதித்தருவீர்களா. முதல் சில நாட்கள் இரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் ஐசியூவில் முக்கியமான வேலை, அழுத்தம் இறங்கினால் அடிபட்ட தண்டுவடத்துக்கு இரத்தம் போகாது. இன்னொன்று, 1990-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு எட்டு மணி நேரத்துக்குள் அதிக அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமாக இருந்தது. பலன் சந்தேகம், தொற்று மாதிரியான தொல்லை அதிகம் என்பதால் இப்போது அதை எல்லோருக்கும் போடுவதில்லை. "எங்கள் ஆளுக்கு மட்டும் போடவில்லையே" என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "நடப்பாரா" என்பது இல்லை. அதற்கு அன்றைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அடிபட்ட அதிர்ச்சியில் சில நாட்களோ வாரங்களோ தண்டுவடம் மொத்தமாக அடங்கிக் கிடக்கும். அதற்குப் பதில் "ஆசியா அளவில் ஏ-யா, பி-யா, சி-யா" என்று கேளுங்கள். தண்டுவடக் காயம் எவ்வளவு என்று அளக்கும் முறைக்குத்தான் ஆசியா என்று பெயர்: அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லையென்றால் ஏ, உணர்வு மட்டும் இருந்தால் பி, கொஞ்சம் அசைவும் இருந்தால் சி. மூன்று நாள் கழித்துச் செய்யும் பரிசோதனை ஓரளவு நம்பக்கூடியது. அதில் ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, அதைச் சுருக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். சங்கடமாக இருந்தாலும் அதை விடச் சொல்லாதீர்கள், ஏனென்றால் தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு சின்னத் தகவல் மேலே வந்தால்கூட "முழுசாக அறுபடவில்லை" என்று அர்த்தம். அண்ணனுக்கு அந்த இடத்தில் மட்டும் லேசாகத் தொடுவது தெரிந்தது. ஏ என்று நினைத்தது பி ஆனது. எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

இன்னொரு விவரமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் ஆரம்பத்தில், எல்1 அல்லது எல்2 என்ற எலும்புக்கு அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது குதிரை வால் மாதிரி கொத்தாக இறங்கும் நரம்பு வேர்கள். அங்கே அடி என்றால் கையில் காலில் இருக்கும் நரம்பு மாதிரி மெதுவாக வளர வாய்ப்பு உண்டு. ஆனால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் பாதத்துக்குப் போய்ச் சேரக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடங்கள் ஆகும், அதற்குள் தசை வற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் தொடைக்கு முதலில் வரும், பாதத்துக்குக் கடைசியில் வரும், வராமலும் போகலாம்.

இப்போது காப்பது. இதில் கோட்டைவிட்டால் பயிற்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். படுக்கைப்புண் வந்தால் மூன்று மாதம் குப்புறப் படுக்க வேண்டியதுதான், அந்த மூன்று மாதப் பயிற்சி போச்சு. எங்களுக்கு அது நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம் கழித்து செக்கப்புக்காகக் கோயம்புத்தூர் போகும்போது மெத்தைகூட இல்லாமல் டாக்சியில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன், திரும்பி வந்து பார்த்தால் வால் எலும்பு மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. இரண்டு நாளில் தோல் உரிந்தது. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், ராத்திரியும்தான், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குளிக்கவைக்கும் முன் வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். சிவந்த இடம் அரை மணியில் மறையவில்லை என்றால் மறையும்வரை அந்த இடத்தில் எடை படக்கூடாது.

நம் மலையில் இதைவிடப் பயப்பட வேண்டியது சூடு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது கணப்பில் கரி போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்போம், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்போம். உணர்வில்லாத காலுக்குச் சுடுவது தெரியாது. அம்மா பாசத்தில் வைத்த வெந்நீர்ப் பை அண்ணனின் பாதத்தில் கொப்புளம் போட்டுவிட்டது, அவர் அப்போது சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். கணப்பு அறைக்கு மறுகோடியில் இருக்கட்டும், புகை போகக் கதவும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். காலுக்குக் கம்பளி சாக்ஸ் போதும். குளிக்கும் தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிரில் தசை விறைப்பும் கூடும், காலையில் கால் வெட்டி வெட்டி இழுக்கும், அதனால் பயிற்சியை வெயில் ஏறிய பிறகு பத்து மணிக்கு வைத்துக்கொண்டோம். திடீரென்று ஒருநாள் விறைப்பு அதிகமானால் குளிரை மட்டும் குறை சொல்லாமல் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, எங்காவது புண் இருக்கிறதா, மலச்சிக்கலா என்று பாருங்கள். உடம்பு வலியைச் சொல்ல முடியாதபோது இப்படித்தான் சொல்லும்.

குளிர் ஊரில் தாகம் எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், சிறுநீர் தேங்கித் தொற்று வரும். தண்ணீரை அளந்து வையுங்கள், எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். நிரந்தரமாக டியூப் போட்டு விடுவதைவிட நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான சின்ன டியூபைப் போட்டு எடுத்துவிட்டுக் கழற்றுவது சிறுநீரகத்துக்கு நல்லது என்று 1972-இலிருந்தே தெரியும், அமெரிக்காவில் லாபிடெஸ் என்ற டாக்டர் பிரபலமாக்கிய முறை. கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் வீட்டிலேயே செய்யலாம். ஒருமுறைக்கு அரை லிட்டருக்கு மேல் வருகிறது என்றால் இடைவெளியைக் குறையுங்கள். அண்ணன் பத்து நாளில் தானே செய்யக் கற்றுக்கொண்டார். அடிபட்ட இடம் நெஞ்சின் நடுப்பகுதியில், டி6 எலும்பு அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு எச்சரிக்கை: தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, இரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் சேர்ந்து வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

இனி வேலை கொடுப்பது. இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புவது. ஆரம்பத்தில் நாங்கள் பிசியோ என்றால் யாரோ ஒருவர் வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவது என்று நினைத்தோம். மூட்டு இறுகாமல் இருக்க அது வேண்டும், ஆனால் அது மட்டும் நரம்புக்குப் பாடம் சொல்லாது. அடிபட்டவர் தன் மூளையிலிருந்து "முட்டியே நீளு" என்று கட்டளை அனுப்பும் அதே நொடியில் நாம் அந்தக் காலுக்குக் கொஞ்சமாக உதவ வேண்டும். அவர் முயன்று முடித்த பிறகு நாம் செய்வதும் தப்பு, அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்க நாம் செய்வதும் தப்பு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு "இப்போ" என்பார், நான் அந்தச் சொல்லுக்கு அசைப்பேன். காலை நூறு, மாலை நூறு. நாலாவது மாதம் ஒருநாள் வலது தொடைச் சதை என் உள்ளங்கைக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. "டேய், நீ அசைச்சியா?" என்றார். "இல்லண்ணா, நீதான்" என்றேன்.

எந்த அசைவு வேண்டுமோ அதையே பழக வேண்டும். உட்காரப் பழகினால் உட்காருவது வரும், நிற்பது தானாக வந்துவிடாது. முதுகுச் சாய்மானம் இல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மலைப்பூண்டு உரிக்கச் சொன்னோம், கை வேலையில் இருக்கும்போது இடுப்புத் தசைகள்தான் உடம்பைப் பிடிக்க வேண்டும், அரைக் கிலோ உரித்தால் நல்ல பயிற்சி. அப்புறம் வலது பக்கம் வைத்த கூடையிலிருந்து எடுத்து இடது பக்கக் கூடையில் போடுவது. பிறகு நிற்பது. நீண்ட நாள் படுத்தவரைத் திடீரென்று நிற்கவைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், எலும்பும் மெலிந்திருக்கும், ஆகவே சாய்ந்து நிற்கும் மேசையில் பிசியோ சொல்லும் கோணத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டில் வெல்டிங் கடைக்காரரிடம் ஜிஐ பைப்பில் இரண்டு இணைக் கம்பி போடச் சொல்லி முற்றத்தில் நட்டோம். காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் மாட்டிக்கொண்டு அதில் முதல் மாதம் நாலு எட்டு வைத்தார், ஆறாவது மாதம் இருபது எட்டு வைத்தார். காலின் எடை தரையில் படுவதே தண்டுவடத்துக்குத் தகவல், அங்கே நடைக்கான தாளத்தைப் போடும் நரம்பு வலை ஒன்று இருக்கிறது, பாதம் ஊன்றுவதும் இடுப்பு நீள்வதும் அதைத் தூண்டிவிடும்.

முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம் திரும்பும், ஒரு வருடம்வரை நன்றாகப் போகும், அப்புறம் வேகம் குறையும். குறையும் என்றால் நின்றுவிடும் என்று இல்லை. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார், ஐந்து வருடம் கழித்து அவருக்கு விரல் அசைவும் உடம்பில் உணர்வும் கொஞ்சம் திரும்பியதை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் முதல் வருடத்தைப் படுக்கையில் வீணடித்துவிடாதீர்கள், அது திரும்ப வராது.

மாத்திரை, எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பி12 மாத்திரையை நரம்பு மாத்திரை என்று மாதக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். உடம்பில் பி12 குறைவாக இருந்தால் கண்டிப்பாக வேண்டும், அந்தக் குறைவே தண்டுவடத்தைக் கெடுக்கும். குறைவில்லாதவருக்கு அது அறுந்த இழையை ஒட்டவைக்காது. நீலகிரித் தைலம் நம் ஊர்ச் சரக்கு, தலைவலிக்கு நல்லது, உணர்வில்லாத தோலில் அழுத்தித் தேய்த்தால் பொத்துப்போகும். வீங்கிய காலை உருவிவிடவே கூடாது, உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். "முறித்து எடுத்தால் சரியாகும்" என்று இடுப்பை வேகமாக மடக்குபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள், அந்த மூட்டைச் சுற்றி எலும்பே வளர்ந்து இறுகிவிடும் ஆபத்து உண்டு. முட்டை, பருப்பு, கீரை, அவரை, பால் என்று புரதம் சேர்ந்த சாப்பாடு வேண்டும், பீடி சிகரெட் வேண்டாம். விறைப்புக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மழைக் காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்தால் நமக்கு மருந்து மேலே வராது, 2009 நவம்பரில் எப்படி இருந்தது என்று நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் டியூபும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

அடுத்தது ஸ்டெம் செல் ஊசி, அதாவது பல வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணுக்களை உடம்பில் செலுத்துவது. அதை விற்பவர்களிடமிருந்து எங்களுக்கும் போன் வந்தது, சில லட்சங்கள், "ஆறு மாதத்தில் நடப்பார்" என்றார்கள். அரை ஏக்கரை விற்க அப்பா ஆள் பார்த்துவிட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குத் தவிர ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. தண்டுவடக் காயம் அந்தச் சிலவற்றில் இல்லை. ஆய்வு என்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள், உங்களிடம் காசு கேட்டால் அது ஆய்வு இல்லை. நாங்கள் எண் கேட்டோம், அதற்குப் பிறகு போன் வரவில்லை. நிலம் இருக்கிறது.

உண்மையான ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. நோகோ புரதத்தைத் தடுக்கும் மருந்தை ஐரோப்பாவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2024-இல் முடிவு சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த பலன் இல்லை, கொஞ்சம் இழை மிஞ்சியவர்களிடம் மட்டும் நம்பிக்கையான அறிகுறி. சுவிட்சர்லாந்தில் 2018-இல் தண்டுவடத்தின் மேல் மின்தூண்டல் கருவி வைத்து மூன்று பேரை நடக்கவைத்தார்கள், அவர்கள் மாதக் கணக்கில் கடுமையாகப் பயிற்சியும் செய்தவர்கள். கழுத்தில் அடிபட்டவர்களின் கைகளுக்காகத் தோல்மேல் ஒட்டும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, அதுவும் பயிற்சியோடு சேர்த்துத்தான். இவை நம் பக்கம் வரும் நாளில் மூட்டு இறுகாமல், புண் இல்லாமல், சிறுநீரகம் கெடாமல் இருக்கும் உடம்புக்குத்தான் பயன்படும்.

பயிற்சி கற்க ஒருமுறையாவது கீழே இறங்கித் தங்க வேண்டும், வீட்டிலேயே எல்லாம் முடியாது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966-இலிருந்து இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்துபோய்ச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஆபரேஷன் செய்தவர். தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அங்கே பிசியோவைவிட, நம்மைப் போலவே அடிபட்டு நாற்காலியில் ஏறி இறங்கிச் சமைத்துத் துவைப்பவர்களைப் பார்ப்பது நமக்குப் பெரிய மருந்து. ஊருக்குத் திரும்பியதும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும் ஊட்டியில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். வீடு சரிவில் இருந்தால் படிக்குப் பதில் சாய்தளம் கட்டும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள், இடம் இல்லையென்றால் வளைத்துத் திருப்பிக் கட்டலாம், நாங்கள் அப்படித்தான் கட்டினோம்.

அண்ணனுக்கு இடது பாதம் இன்னும் வரவில்லை. காலிப்பர் போட்டு வாக்கர் பிடித்துச் சாய்தளத்தில் இறங்கி, இலை எடை போடும் ஷெட்வரை அறுபது எட்டு வைத்துப் போகிறார். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது இப்போது அவர்தான். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுக்கிறோம், இந்த வருடத்தது அடுத்த வாரம். டாக்சிக்கு மெத்தையை எடுத்து வைத்துவிட்டேன்.